அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொல் எங்கே போகும்? – அரசியல், காலப் பயணம், ஒரு நாவல்

எழும்பூரான்:

ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றி இங்கே உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அரசியல் நையாண்டி நாவல். காலப் பயணம் உண்டு, ஆனால் கால இயந்திரம் கிடையாது, மனிதர்கள் யாரும் எங்கேயும் போவதும் கிடையாது. போவது வார்த்தைகள் மட்டும்தான். சட்டப்பேரவையில் ஓர் உறுப்பினர் தகாத வார்த்தை ஏதாவது பேசினால், அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று தலைவர் அறிவிப்பார். மக்களவையில் இதற்கான அதிகாரம் விதி 380இல் இருக்கிறது. அச்சாகும்போது அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி வரும். அதோடு அந்த வார்த்தை பேசப்படவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அவையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காதால் கேட்டிருப்பார்கள், ஆனால் பேசப்படவில்லை! இதை நினைத்து நினைத்துத்தான் நாவலே தொடங்கியது.

என் நாவலில் அப்படி நீக்கப்பட்ட வார்த்தை அழிவதில்லை. வேறொரு ஆண்டில், பேசிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு உறுப்பினரின் வாயில் வந்து விழுகிறது. 1989இல் நீக்கியது, கன்னாட் கோமகன் வந்து தொடங்கி வைத்த 1921ஆம் ஆண்டு சட்டசபையில், ஏரி மராமத்து பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு ஜமீன்தாரின் பேச்சு நடுவே வந்துவிடுகிறது. அவருக்கே என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. அங்கேயும் நீக்குகிறார்கள், அது 1952க்குப் போகிறது. அங்கேயும் நீக்குகிறார்கள்.

இதையெல்லாம் பார்ப்பவர் ஒரே ஆள்தான், அவையின் சுருக்கெழுத்தர். எல்லா ஆண்டுகளிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார். சுருக்கெழுத்தரின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதால் அவருக்கு வயதாகவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நாவல் முழுவதும் அவர் எழுதும் குறிப்புகள்தான். பேரவை நடவடிக்கைகள், பிழைதிருத்தச் சீட்டு, அலுவலகக் குறிப்பு, உணவக பில் என்று போகும், கதைசொல்லியின் குரல் என்று தனியாக எதுவும் இல்லை.

கேட்க விரும்புவது இரண்டு. இப்படி ஒரு வடிவத்தை நம் வாசகர்கள் கடைசிவரை படிப்பார்களா? அப்புறம், அந்த நீக்கப்பட்ட வார்த்தை என்னவென்று நாவலில் எங்கேயும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், நட்சத்திரக் குறி மட்டும்தான். இது சரியா?

மயிலை பெரியவர்:

தம்பி, யோசனை புதுசு, ஆனால் வேர் நம்மிடமே இருக்கிறது. ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன கதை பாகவதத்தில் வருகிறது. அங்கே பாட்டு நடந்துகொண்டிருக்கிறது, முடியட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்கிறான். பிரம்மா சிரித்துவிட்டுச் சொல்கிறார், நீ நினைத்து வைத்திருந்த மாப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், பேரன்கள் யாருமே இப்போது இல்லை, பூமியில் 27 சதுர்யுகம் போய்விட்டது என்று. திரும்பி வந்தால் அவனுடைய ராஜ்ஜியமும் அவனுடையதாக இல்லை. அரசியல் நாவலுக்கு இதைவிட நல்ல முன்னோடி எது?

புதுமைப்பித்தன் கடவுளையே பிராட்வே முனைக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தவர். அதில் கடவுள் எவ்வளவு சாதாரணமாக நடந்துகொள்கிறார் பாருங்கள். அந்தக் கதை நிற்பதே அதனால்தான். உங்கள் நாவலிலும் வார்த்தை வந்து விழும்போது இடி மின்னல் எதுவும் வேண்டாம். ஆபீசில் நடக்கிற சங்கதியாகவே இருக்கட்டும்.

பெரம்பூர் ஜே:

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழில் அரசியல் நையாண்டி என்றாலே அரசியல்வாதிகள் எல்லாரும் திருடர்கள், ஜனங்கள் எல்லாரும் முட்டாள்கள் என்ற இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. 1968இல் மேடை ஏறி 1971இல் படமாக வந்த சோவின் துக்ளக் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலாம் நூற்றாண்டு சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்து தேர்தலில் நின்று பிரதமராகிறார், அப்புறம்தான் அது வேஷம் என்று தெரிகிறது. அதில் உண்மையில் காலப் பயணமே இல்லை, ஜனங்கள் நம்பியதுதான் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமான கட்டுமானம், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவன்மேல் அதற்கு மரியாதையே கிடையாது. எங்கள் பக்கத்தில் ரேஷன் கடையில் நின்றவர்கள், ஓட்டுப் போட்டு வாங்கியதுதான் மதிய உணவும் பஸ் பாஸும். அவர்களைக் கேலி செய்வதற்காக ஒரு நாவல் என்றால் எனக்கு வேண்டாம்.

உங்கள் யோசனையில் அந்த ஆபத்து குறைவு என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் நீங்கள் பிடித்திருப்பது ஒரு நடைமுறையை, மனிதனை அல்ல. அதிலிருந்து மாறிவிடாதீர்கள்.

இன்னொன்று, காலப் பயணத்தை வைத்து எழுதுகிறவர்கள் பழைய தலைவர்களை இன்றைக்குக் கொண்டுவந்து, இப்போது இருப்பவர்களைப் பார்த்து அழ வைப்பார்கள். தயவுசெய்து அது வேண்டாம். பழைய சபையிலும் சண்டை இருந்தது, சுயநலம் இருந்தது. 1921இல் ஓட்டுரிமை சொத்தும் வரியும் வைத்துக் கொடுத்ததுதான். அந்த ஜமீன்தார் உட்கார்ந்திருந்ததே அதனால்தானே.

திருவல்லிக்கேணி நடராசன்:

நான் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அவை என்பதுபோலப் பொதுவாகச் சொல்கிறீர்கள், ஆனால் நம் சபை ஒரே இடத்தில் இருந்ததில்லையே! 1937இல் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கூடினார்கள். 1938, 39இல் இன்றைய ராஜாஜி மண்டபத்தில். 1952 பொதுத் தேர்தலுக்கு அப்புறம் அரசினர் தோட்டத்தில் இதற்கென்றே கட்டிய கட்டடத்தில், அதுதான் பின்னால் கலைவாணர் அரங்கம் ஆனது. 1957இல் மறுபடி புனித ஜார்ஜ் கோட்டை. 1959 ஏப்ரலில் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கே போய்க் கூட்டம் நடத்தினார்கள். 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதுக் கட்டடம், 2011இல் திரும்பவும் கோட்டை, கொரோனா சமயத்தில் புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கம்.

அப்படியென்றால் வார்த்தை எங்கே வந்து விழும்? சபை கூடும் இடத்திலா, அது பேசப்பட்ட கட்டடத்திலா? கட்டடம் என்று விதி வைத்தால் கதை வேறு மாதிரி போகும். ஓமந்தூரார் கட்டடம் 2014இல் பல்நோக்கு மருத்துவமனையாகிவிட்டது. 2010இல் அங்கே நீக்கப்பட்ட ஒரு வார்த்தை இன்றைக்குப் புறநோயாளிகள் வரிசையில் நிற்கிற ஒரு அம்மாவின் வாயில் வந்தால்? அந்த அம்மாவுக்கு உறுப்பினர்களுக்கு இருக்கிற அவை உரிமை எதுவும் கிடையாது, பக்கத்தில் நிற்கிறவர் அடிக்க வருவார். எம்.எல்.ஏ. பேசினால் நட்சத்திரக் குறி, இவர் பேசினால் போலீஸ். நையாண்டிக்கு இதைவிட வலுவான இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன், அதுவும் அந்தக் கட்டடம் நிஜமாகவே அங்கே நிற்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோம்.

எழும்பூரான்:

நடராசன் சார், கட்டடம் என்ற விதியை எடுத்துக்கொள்கிறேன். அந்த மருத்துவமனை அத்தியாயத்தை இப்போதே எழுத வேண்டும்போல இருக்கிறது. அவைக்குறிப்பு வடிவத்துக்குப் பதில் அங்கே ஓ.பி. சீட்டு வடிவம் வரும்.

ஜே, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பழைய தலைவர் யாரும் பேசப் போவதில்லை. உண்மையான தலைவர்களின் பெயரே நாவலில் இல்லை, மாண்புமிகு உறுப்பினர் என்று மட்டும்தான்.

ஒரு சின்னப் பகுதி கீழே, படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாண்புமிகு உறுப்பினர்: தலைவர் அவர்களே, என் தொகுதியில் மூன்று ஏரிகளின் மதகு உடைந்து கிடக்கிறது. பொதுப்பணித் துறை இதுவரை * * *
(இரைச்சல்)
தலைவர்: உறுப்பினர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.
மாண்புமிகு உறுப்பினர்: நான் மதகு என்றுதான் சொன்னேன்.
தலைவர்: அதற்கு அடுத்து சொன்னது.
மாண்புமிகு உறுப்பினர்: அது நான் சொன்னது அல்ல. என் வாயில் வந்தது.
தலைவர்: வாயில் வந்ததைத்தான் நீக்குகிறோம். மதகு பற்றியதும் அதோடு சேர்ந்தே நீக்கப்படுகிறது.
(அடிக்குறிப்பு: மதகு 1972 வரை சரிசெய்யப்படவில்லை. சுருக்கெழுத்தர்.)

ராயபுரத்தாள்:

அந்த அடிக்குறிப்பு நன்றாக இருக்கிறது, மனசில் நிற்கிறது. ஆனால் வார்த்தையை மறைக்கும் உங்கள் முடிவை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

சபையில் நீக்கப்படுகிற வசவுகளில் எத்தனை பெண்களைப் பற்றியவை, எத்தனை சாதியைப் பற்றியவை என்று யோசித்துப் பாருங்கள். அந்த வார்த்தையை நீக்கும்போது காப்பாற்றப்படுவது யார்? வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. சொன்னவருக்குத்தான் நீக்கம் வசதி. அவர் பேரன் நாளைக்கு நூலகத்தில் போய்ப் பழைய நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால், தாத்தா ஏரி மராமத்து பற்றிப் பேசியிருக்கிறார் என்றுதான் இருக்கும். நீங்களும் நட்சத்திரக் குறி போட்டால், சபை செய்ததையே நாவலும் செய்கிறது.

இன்னொரு விஷயம். மோசமான சொல் மட்டும்தான் பயணம் போகுமா? 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் துணைத் தலைவராக உட்கார்ந்தவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அந்த வருடமே தீர்மானம் கொண்டுவந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். இருபது வருடம்! சங்கரலிங்கனார் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு விருதுநகரில் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபரில் உயிரை விட்டார். சபையில் தீர்மானம் 1967 ஜூலையில், பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இதெல்லாம்கூட சொற்கள் ஒரு ஆண்டிலிருந்து இன்னொரு ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்த கதைதானே? வசவு நொடியில் போய் விழுகிறது, நியாயமான கோரிக்கை இருபது வருடம் நடந்து போகிறது. இந்த வித்தியாசம் உங்கள் நாவலில் இல்லையென்றால், அது ஆண்கள் சண்டை போடுகிற இன்னொரு கதையாகப் போய்விடும்.

கோர்ட் வராண்டா:

ராயபுரம் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த நாவலின் கருவே ஆபத்தான இடத்தில் இருக்கிறது.

நீக்கப்பட்ட வார்த்தையை வெளியிடுவதே உரிமை மீறல், அதாவது சபையின் சிறப்புரிமையை மீறிய குற்றம் ஆகலாம். 1957இல் பாட்னாவில் சர்ச்லைட் என்ற பத்திரிகை, பீகார் சட்டசபையில் நீக்கப்பட்ட பேச்சையும் சேர்த்து அச்சிட்டுவிட்டது. சபை நோட்டீஸ் விட்டது, ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார், 1958இல் தீர்ப்பு சபைக்குச் சாதகமாகத்தான் வந்தது. நம்மூரில் 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபையே மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது, எதிர்ப்பு கிளம்பி ஓரிரு நாளில் விட்டார்கள், பின்னால் அவர் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் 1000 ரூபாய் இழப்பீடு வாங்கினார். 2003 நவம்பரில் இந்து பத்திரிகைக்காரர்களையும் முரசொலி ஆசிரியரையும் 15 நாள் சிறையில் போடச் சபை முடிவெடுத்தது, உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது.

கற்பனை நாவல் என்பதால் உங்களுக்கு அவ்வளவு தூரம் வராது. ஆனால் உண்மையாக ஒரு தேதியில் நீக்கப்பட்ட சொல்லை அப்படியே அச்சிட்டு, பக்கத்தில் அந்தத் தேதியையும் போட்டால் அது கற்பனை இல்லை. தேதி உண்மை என்றால் சொல் கற்பனையாக இருக்கட்டும். இரண்டையும் உண்மையாக வைக்காதீர்கள்.

தரமணி:

வேலை நாளெல்லாம் பழைய பத்திரிகைகளோடு இருக்கிறவன் என்ற முறையில் ஒரு தகவல். உங்களுக்கு 1972 டிசம்பர் கட்டாயம் வேண்டும். சபாநாயகர் மதியழகன் தன் நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்துகிறார், பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டுத் துணை சபாநாயகர் சீனிவாசன் அதே அவையை அதே நேரத்தில் நடத்துகிறார். ஆளுங்கட்சி இவரைப் பார்த்துப் பேசுகிறது, எதிர்க்கட்சி அவரைப் பார்த்துப் பேசுகிறது. அறிவியல் புனைகதையில் இணை உலகம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அது ஒரே ஹாலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே நடந்திருக்கிறது. உங்கள் சுருக்கெழுத்தர் அன்றைக்கு எந்தத் தலைவரின் ஆணையை எழுதுவார்? ஒருவர் நீக்கச் சொல்லி இன்னொருவர் நீக்க வேண்டாம் என்றால் அந்தச் சொல் என்ன ஆகும்?

2023 ஜனவரி 9ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுநர் உரையில் அச்சில் இருந்த சில பகுதிகளை ஆளுநர் வாசிக்கவில்லை, அச்சில் இல்லாத சிலதைப் பேசினார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏறும் என்று முதல்வர் அங்கேயே தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுக்க வேண்டாம். நாவலுக்கு வேண்டியது என்னவென்றால், பேசியது பதிவில் இல்லை, பேசாதது பதிவில் இருக்கிறது. இதுவரை நீங்கள் சொன்ன விதியில் நீக்கம் மட்டும்தான் இருக்கிறது, சேர்ப்பதற்கு இடமே இல்லை. அந்தப் பேசாத வரிகள் எந்த ஆண்டிலிருந்து வந்தன என்று வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம்.

கூவம்கரை:

இதையெல்லாம் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் புத்தகத்துக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள், எழும்பூரான் கேட்ட முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. கடைசிவரை படிப்பார்களா? முழுக்க அவைக்குறிப்பு என்றால் ஐம்பதாவது பக்கத்தில் கண் களைத்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே முகமாக இருக்கும், பெயர், முக்காற்புள்ளி, பேச்சு. சோதனை நாவல் என்ற பெயரில் வாசகரைச் சோதிக்கிறவர்கள் நிறையப் பேர், நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிக்கொண்டு போய்ப் பத்துப் பக்கத்தில் மூடி வைத்த புத்தகங்கள் என் அலமாரியிலேயே இருக்கின்றன.

அதனால் வடிவம் மாறுவதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் ஓ.பி. சீட்டு என்றீர்களே, அது சரியான காரணம். 1972 அத்தியாயத்தைப் பக்கத்துக்கு இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது பக்கம் ஒரு தலைவர், வலது பக்கம் இன்னொருவர் என்று போடலாம், நடுவில் ஒரு கோடு. அச்சில் அழகாக வரும். கிண்டிலில் வராது, எழுத்து அளவை மாற்றினாலே இரண்டு பத்தியும் குழம்பிவிடும், மின்நூலுக்கு அந்த அத்தியாயத்தைப் படமாகத்தான் வைக்க வேண்டியிருக்கும். 1975, 76 நெருக்கடிநிலைப் பகுதிக்குத் தணிக்கை செய்த பத்திரிகைப் பக்கம்போல வெள்ளை இடம் விடுவீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளைப் பக்கம் ஒன்று இருந்தால் வாசகர் நிற்பார், ஐந்து இருந்தால் புரட்டிவிடுவார்.

நட்சத்திரக் குறியிலும் யோசனை இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூன்று குறி போடாதீர்கள். அது எந்தச் சொல் என்று வாசகருக்குத் தெரியாமலே இருந்தாலும், இதே சொல்தான் அங்கேயும் வந்தது என்று தெரிய வேண்டும் இல்லையா? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி வடிவம் கொடுங்கள். 1989இல் பார்த்த அதே வடிவம் 1921இல் வந்தால் வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.

பெரம்பூர் ஜே:

கூவம்கரை சொன்ன இந்தக் கடைசி யோசனை பிரமாதம். குறியை வைத்து வாசகர் தேடிக்கொண்டே போவார், அதுவே கதையை இழுத்துக்கொண்டு போகும்.

ராயபுரத்தாள்:

குறி வடிவம் நல்லதுதான், ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சொன்னவர் தப்பித்துக்கொள்கிறாரா இல்லையா?

எழும்பூரான்:

எல்லாரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. ராயபுரத்தாள் கேட்டதைத்தான் நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லை அச்சிடுவதில்லை என்பதில் இன்னமும் உறுதியாகத்தான் இருக்கிறேன். சட்ட பயத்தால் அல்ல. அந்த வசவை நான் எழுதினால், அது யாரைக் காயப்படுத்தியதோ அவர்களை மறுபடி காயப்படுத்துவதாக ஆகும், அதைப் படித்துச் சிரிக்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் சொன்னவர் தப்பிக்கக் கூடாது. அதனால் விதியை இப்படி மாற்றுகிறேன். சொல் பயணம் போகும்போது, முதலில் பேசியவரின் தொகுதி எண்ணும் அது யாரைப் பார்த்துப் பேசப்பட்டது என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டே போகும். எந்த ஆண்டில் விழுந்தாலும் சுருக்கெழுத்தர் அடிக்குறிப்பில் அதைப் பதிவு செய்வார், அடிக்குறிப்பை நீக்க எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. சொல் மறைந்திருக்கும், சொன்னவரும் வாங்கியவரும் மறையமாட்டார்கள். 1921 சபையில், 1989இல் இந்தத் தொகுதிக்காரர் ஒரு பெண் உறுப்பினரைப் பார்த்துச் சொன்னது என்று அடிக்குறிப்பு வரும். அப்போது அந்தச் சபையில் பெண்ணே கிடையாது, ஒரு பெண் உறுப்பினர் இங்கே வருவாரா என்று அதைப் படித்துத்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

முத்துலட்சுமி ரெட்டி பற்றிச் சொன்னது நாவலின் முதுகெலும்பையே மாற்றுகிறது. வசவு தாவிப் போகும், கோரிக்கை வருடம் வருடமாக நடந்து போகும், இரண்டையும் ஒரே சுருக்கெழுத்தர் எழுதுவார். அந்த மதகு அடிக்குறிப்பு இதன் தொடக்கமாக இருக்கட்டும். மதகு ஒவ்வொரு ஆண்டும் ஒரு கேள்வியாக வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வசவோடு சேர்ந்து நீக்கப்படும்.

தரமணி நண்பரே, 1972க்கான பத்திரிகைப் பக்கங்களை எங்கே பார்க்கலாம் என்று தனிச் செய்தியில் சொன்னால் உதவியாக இருக்கும். கூவம்கரை, இரண்டு பத்தி அத்தியாயத்துக்கு மாதிரிப் பக்கம் ஒன்று போட்டுத் தருவீர்களா? அதற்குள் மூலத்தை முடித்துவிடுகிறேன்.

கூவம்கரை:

தருகிறேன். இடது பத்தியும் வலது பத்தியும் ஒரே வரி எண்ணிக்கையில் முடிய வேண்டும், அதைப் பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு தலைவர் பேசி முடித்தபிறகும் இன்னொருவர் அடுத்த பக்கத்தில் தனியாக அவையை நடத்திக்கொண்டிருப்பார்.

தரமணி:

அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அடுத்த பக்கத்தில் ஒருவர் மட்டும் தனியாக நடத்தட்டும், மதகு கேள்வி அங்கே வரட்டும், நீக்கச் சொல்ல எதிரில் யாரும் இல்லாத ஒரே தடவை அதுவாக இருக்கும். தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.